ரெண்டு தண்ணி

பெயிண்டரை இடப்பக்கமாகப் புரட்டி, முதுகுக்கு அடியில் சுருண்டு கிடந்த விரிப்பை அவர் மனைவி உருவிக்கொண்டிருந்தபோதுதான் அவர் அதைக் கேட்டார். முகம் சுவரைப் பார்த்திருந்தது. சுவரிடம் கேட்பது மாதிரியே கேட்டார்.

"வக்கீல் வீட்டுப் பக்கெட்டுல ஒண்ணு பழுத்திருக்கும். பறிச்சுட்டு வா."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? திங்கத்தான்."

விரிப்பின் ஒரு முனை அவள் கையில் இருந்தது. மறுமுனை அவர் இடுப்புக்கு அடியில் மாட்டியிருந்தது. இழுக்காமல் அப்படியே நின்றாள். ஒரு வாரமாக மனுஷன் வாயைத் திறந்து எதையும் கேட்கவில்லை. பால் கொடுத்தால் இரண்டு மடக்கு, ரொட்டியை நனைத்துக் கொடுத்தால் ஒரு கடி, அதற்கே முகத்தைச் சுளித்துக்கொண்டு, "இரும்பைச் சப்புற மாதிரி இருக்கு" என்று தலையைத் திருப்பிக்கொண்டுவிடுவார். இன்றைக்குத்தான் இன்னது வேண்டும் என்று கேட்கிறார். அதுவும் தக்காளி.

"இப்பத் திங்கலாம்ல?" என்றார், சந்தேகம் வந்தவர் போல.

"தாராளமாத் திங்கலாம்" என்றாள். மாட்டியிருந்த முனையை உருவி எடுத்தாள்.

சிறுநீரகம் கெட்டுப்போனவருக்குத் தக்காளி ஆகாது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? மருந்துக்கடையில் அத்தனை வருஷம் நின்று, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அவளுக்கே தெரியாது. டயாலிசிஸ் ஆரம்பித்த புதிதில், ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு முறை சொல்லித்தரும் பெண் இவர்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்து, தக்காளி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ஆரஞ்சு என்று ஒவ்வொரு விரலாக மடக்கினாள். அதிலெல்லாம் பொட்டாசியம் இருக்கிறதாம். நல்ல உடம்பு அதை வெளியே தள்ளிவிடும், இவர் உடம்பு தள்ளாது, ரத்தத்தில் ஏறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும் என்றாள். மற்றக் காய்களைப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் கொதிக்கவைத்து வடித்துவிட்டு, மறுபடி புதுத் தண்ணீர் ஊற்றி வேகவைத்து, அதையும் வடித்துவிட்டால் சாப்பிடலாம். தக்காளி மட்டும் அப்படியும் வேண்டாம், அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள் என்றாள்.

"அப்போ இனிமே சிவப்பு டப்பாவைத் திறந்து மோந்துக்க வேண்டியதுதான்" என்றார் பெயிண்டர். சொல்லிக்கொடுத்த பெண் குலுங்கிச் சிரித்தாள். கட்டியவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இதயம் நின்றுவிடும் என்ற சொல்லிலேயே அவள் நின்றுவிட்டிருந்தாள்.

அன்றையிலிருந்து அந்த வீட்டுச் சமையலுக்கு 'ரெண்டு தண்ணி' என்று பெயர் வந்தது. எந்தக் காய் அந்தச் சமையலறைக்குள் நுழைந்தாலும் சரி, நறுக்கு, கொதிக்கவை, வடி, மறுபடி கொதிக்கவை, வடி. அவர் கூடத்திலிருந்து, "ரெண்டு தண்ணி ஆச்சா?" என்று குரல் கொடுப்பார். "ஆச்சு" என்பாள். தட்டில் வந்து விழுவதைக் காய் என்று சொன்னால் காய்க்குக் கோபம் வரும். மகள் அதற்குச் 'சக்கை' என்று பேர் வைத்திருந்தாள். அவர் அதைத்தான் சாப்பிட்டார். அவளும் அதைத்தான் சாப்பிட்டாள். அவர் எதிரே உட்கார்ந்துகொண்டு வாய்க்கு ருசியாக ஒன்றைத் தின்ன அவளுக்கு மனசு வரவில்லை. கடையில் வெளியாள் யாராவது நீட்டினாலும், வேண்டாம், பழக்கமில்லை என்றுவிடுவாள்.

இப்படிக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தவளுக்குக் கிடைத்த நல்ல பெயரையும் சொல்ல வேண்டும். பெயிண்டருக்கு ஓர் அக்கா உண்டு. வாய் கொஞ்சம் நீளம். வந்து ஒரு கவளம் வாயில் வைத்ததும் தட்டைத் தள்ளிவிட்டு, "என் தம்பிக்கு வியாதி பாதி, உன் சமையல் பாதி" என்பாள். "இப்படிப் போட்டா நல்லா இருக்கிறவனும் படுத்துக்குவான்." நாத்தனார் போன பிறகு அவள் பாத்திரங்களைச் சத்தமாகத் தேய்ப்பாள். பெயிண்டர், "அக்காவைத் தேய்க்கிறியா, பாத்திரத்தைத் தேய்க்கிறியா?" என்பார்.

தக்காளி கூடாது என்று ஆன பிறகுதான் அவர் தக்காளி வளர்க்க ஆரம்பித்தார். அதற்கு முன்னால் ஒரு பூச்செடிக்குக் கூடத் தண்ணீர் ஊற்றியவர் இல்லை. "தின்னக் கூடாதுன்னுதானே சொன்னாங்க, வளர்க்கக் கூடாதுன்னு சொல்லலையே" என்றார். சுவர் பூசிக் காலியான பெரிய பெயிண்ட் பக்கெட்டுகள் வீட்டில் குவிந்து கிடந்தன. உள்ளே ஒட்டியிருந்த பெயிண்டைச் சுரண்டிச் சுரண்டிக் கழுவி, வெயிலில் காயவைத்து, ஸ்க்ரூடிரைவரை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி அடியில் ஓட்டை போட்டார். கீழே கொஞ்சம் ஜல்லி, அதன்மேல் மண்ணும் மக்கிய சருகும். ரோலர் மாட்டும் கம்பிகளையே ஊன்றுகோலாக்கி, வேலைக்குப் போட்டுப்போன சட்டையைக் கிழித்துத் தண்டைக் கட்டினார். எந்த வீட்டுக்கு அடித்த பெயிண்டோ அதுதான் பக்கெட்டின் பெயர். வக்கீல் வீட்டுப் பக்கெட், பேக்கரிக்காரர் பக்கெட், கல்யாணம் நின்றுபோன வீட்டுப் பக்கெட். "கல்யாணம் நின்ன வீட்டுல நாலு பூ வச்சிருக்கு" என்று காலையில் வந்து சேதி சொல்வார். பூத்த கொத்தைச் சுண்டுவிரலால் மெல்லத் தட்டிவிடுவார். தட்டினால்தான் காய் பிடிக்குமாம்.

பழுத்ததா இல்லையா என்பதற்கும் அவருக்குத் தொழில் பாஷைதான். "இன்னும் ரெண்டு ஷேடு போகணும்" என்பார். கீழ்வீட்டு டீச்சர் அவசரப்பட்டு ஒன்றைப் பறித்துவிட்டால், "ஒரு கோட்டோட வேலையை நிறுத்திட்டீங்களே டீச்சர்" என்று வருத்தப்படுவார்.

காய் வேகவைத்து வடித்த தண்ணீரைத் தொட்டியில் கொட்டாதே என்று சொன்னதும் அவர்தான். அதில் இருக்கிற பொட்டாசியம் காய்ப்பிற்கு நல்லது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். இரண்டு தண்ணீரையும் ஆறவைத்து மாடிக்கு எடுத்துப் போவார். "எனக்கு ஆகாததெல்லாம் இதுக்கு ஆகுது பாரு" என்பார், ஏதோ நல்ல பேரம் முடித்துவிட்ட மாதிரி. அவருக்கோ நாள் முழுக்க ஒரு சின்ன பாட்டில் தண்ணீர்தான் கணக்கு. அதற்குமேல் குடித்தால் கால் வீங்கி மூச்சு முட்டும். ஒரு நாள் துணி எடுக்க மாடிக்குப் போனவள் கதவருகிலேயே நின்றுவிட்டாள். அவர் பக்கெட்டின் அருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மண் குமிழ்விட்டுத் தண்ணீரை இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குடி, குடி. நீயாவது வயிறு நிறையக் குடி" என்றார் செடியிடம். அவள் துணியை எடுக்காமலே இறங்கி வந்துவிட்டாள். அழுகை அடங்க வெகுநேரம் ஆயிற்று.

பழங்கள் ஒன்றுகூட அவர்கள் சமையலறைக்கு வந்ததில்லை. டீச்சருக்கும், டயாலிசிஸ் பிரிவின் நர்சுகளுக்கும், எதிர்வீட்டுக்கும் போயின. அவரும் தொடமாட்டார், ஒரே ஒரு தடவையைத் தவிர. அந்தத் தடவை அவள் பார்த்துவிட்டாள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று, ஒரு பழத்தைக் கடித்து வாய் கொள்ளாமல் வைத்திருந்தார். அதற்கு முந்தின மாதம்தான் பொட்டாசியம் ஏறி, ஆம்புலன்ஸ் வந்து, அவர் நெஞ்சில் வயர்களை ஒட்டி, அவளை வராந்தாவிலேயே நிறுத்திவைத்திருந்தார்கள். அவள் கத்தவில்லை. அவர் வாய்க்குக் கீழே உள்ளங்கையை நீட்டினாள். "துப்புங்க." அவர் அவளைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, அவள் கையில் துப்பினார். விதையும் சாறுமாக அது வெதுவெதுவென்று இருந்தது. சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். அவள் செய்ததில் தப்பில்லை. தப்பில்லை என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்த வெதுவெதுப்பு அவள் உள்ளங்கையை விட்டுப் போகவே இல்லை.

அப்புறம் இதயமும் தளர்ந்துவிட்டது. மெஷினில் போட்டால் ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கி, பாதியிலேயே நிறுத்தி, தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது. போன வாரம் பெயிண்டர், "போதும். இனி அந்த நாற்காலியில உட்கார மாட்டேன்" என்றார். டாக்டர் அவரை வற்புறுத்தவில்லை. அவளைத் தனியே அழைத்து, "இனி ஒரு கட்டுப்பாடும் இல்லம்மா. அவர் எது கேட்டாலும் குடுங்க" என்றார். அதைக் கேட்ட நிமிஷமே அவள் மனசு அந்தத் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றது. ஒரு தக்காளி. வேகவைக்காதது, வடிக்காதது. நறுக்கி உப்புத் தூவி, தன் கையாலேயே அவர் வாயில் வைக்க வேண்டும். அவர் போவதற்குள் அந்த ஒன்று நடந்துவிட்டால் போதும் என்று இருந்தது. தானாகக் கொண்டுபோய் நீட்ட ஏனோ பயமாக இருந்தது. உனக்கு முடிந்துவிட்டது, இந்தா தின்னு என்று சொல்வது மாதிரி. அவர் கேட்கட்டும் என்று காத்திருந்தாள்.

இன்றைக்குக் கேட்டுவிட்டார்.

வக்கீல் வீட்டுப் பக்கெட்டில் அவர் சொன்னபடியே ஒன்று பழுத்திருந்தது. படுத்த இடத்திலிருந்தே எப்படிக் கணக்குப் போட்டாரோ. காம்பைத் திருகியதும் இலை வாசனை கையில் ஏறியது. முந்தானையால் துடைத்துக்கொண்டே படியிறங்கி வந்தாள்.

சமையலறை வாசலில் நாத்தனார் நின்றிருந்தாள். தம்பிக்கு முடியாமல் போனதிலிருந்து இங்கேயேதான் இருக்கிறாள்.

"தம்பி தக்காளி கேட்டானாமே?"

"ஆமா அண்ணி. குடுக்கப் போறேன்."

"இப்பவாவது குடுக்கணும்னு தோணிச்சே."

அவள் கத்தியை எடுத்தாள். பதில் சொல்லக் கூடாது என்றுதான் நினைத்தாள்.

"குடுக்காம இருந்ததாலதான் அண்ணி உங்க தம்பி இத்தனை வருஷம் இருந்தார்."

"இருந்தான், இல்லைங்கல. எப்படி இருந்தான்னு கேளு." நாத்தனார் கதவில் சாய்ந்துகொண்டாள். "சின்ன வயசுல அம்மா மார்க்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனா, பையைத் தூக்கிட்டு வரேன்னு இவன்தான் முந்துவான். வீடு வந்து பார்த்தா தக்காளி பாதிதான் இருக்கும். சட்டையெல்லாம் சாறு. அடி வாங்கிக்கிட்டே சிரிப்பான். அப்படித் தின்ன பிள்ளையை நீ சக்கையாப் போட்டுப் போட்டு... உன்னைக் குத்தம் சொல்லல. என் வயிறு எரியுது, அவ்வளவுதான்."

"என் வயிறு எரியலையா?"

"எரிஞ்சிருக்கும். நீ காட்டிக்கிட்டதே இல்லையே."

காட்டிக்கொண்டிருந்தால் அவர் கேட்டிருப்பார், இவள் கொடுத்திருப்பாள், கதை அன்றைக்கே முடிந்திருக்கும். போலீஸ்காரி மாதிரி நின்றதால்தானே இத்தனை வருஷம் ஓடியது. இதையெல்லாம் நாத்தனாரிடம் நினைப்பிலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கத்தி ஓடிக்கொண்டிருந்தது, அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மகளிடமிருந்து போன் வந்தது. ரயில் ஏறிவிட்டாளாம், மத்தியானத்துக்குள் வந்துவிடுவாளாம். "அப்பா தக்காளி கேட்டார்டி" என்று சொன்னாள். "குடும்மா, குடு" என்று மகள் அழுதாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கியபடி அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிண்ணத்தில் மசித்து, ஆற்றி, ஸ்பூனோடு எடுத்துக்கொண்டு போனாள்.

பெயிண்டருக்குத் தலையணையை ஏற்றி வைத்து நாத்தனார் தாங்கிக்கொண்டாள். முதல் ஸ்பூனை வாயில் வைத்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். விழுங்காமல் வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார். தாடை மெல்ல அசைந்தது.

"எப்படி இருக்கு?"

"ம்."

"நல்லா இருக்கா?"

கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். "மிச்சத்தையும் குடு."

ஒன்றுவிடாமல் சாப்பிட்டார். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு கிண்ணம் காலியாகி அவள் கைக்குத் திரும்பியது. வாயோரத்தைத் துடைத்துவிட்டபோது அவளுக்குச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனாரும் கண்ணை நிறைத்துக்கொண்டு தலையாட்டினாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சந்தோஷம் வந்து எவ்வளவு காலமாகிறது. கிண்ணத்தைக் கழுவ அவள் உள்ளே போனாள்.

மேடையில், ஜன்னல் ஓரமாக, இரண்டு பாத்திரங்கள் ஆறிக்கொண்டிருந்தன. ஒன்றில் தண்ணீர் நல்ல சிவப்பாக இருந்தது. இன்னொன்றில் கொஞ்சம் வெளிறிய சிவப்பு. மேலே ஓரிரண்டு விதைகள் மிதந்தன. மாடிக்கு எடுத்துப் போவதற்காக எப்போதும் வைக்கிற இடத்தில், எப்போதும் வைக்கிற மாதிரி அவளேதான் வைத்திருந்தாள்.

முதலில் அது என்னவென்றே அவளுக்கு உறைக்கவில்லை. அப்புறம் உறைத்தது. கையில் இருந்த கிண்ணத்தை மெதுவாக மேடையில் வைத்தாள். சாறு, புளிப்பு, இனிப்பு எல்லாம் அந்த இரண்டு பாத்திரத்துக்குள் இருந்தது. சக்கையை மசித்து, உப்பு கூடப் போடாமல், அவருக்கு ஊட்டிவிட்டு வந்திருக்கிறாள். பாவி, பாவி என்று தன்னைத்தானே சொல்லிக்கொண்டாள். கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாருடைய கையையோ பார்ப்பது போல இருந்தது.

மாடிக்கு ஓடினாள். அந்த வயதில் யாரும் அப்படிப் படியேறக் கூடாது. பக்கெட் பக்கெட்டாகப் பார்த்தாள். எல்லாம் பச்சை, இல்லையென்றால் அரைகுறை மஞ்சள். பேக்கரிக்காரர் பக்கெட்டில்தான் ஒன்று பாதி சிவந்து நின்றது. அவர் கணக்கில் இன்னும் ரெண்டு ஷேடு போக வேண்டிய பழம். பரவாயில்லை என்று பறித்தாள். கீழே வந்து அடுப்புப் பக்கமே திரும்பாமல், தட்டை எடுத்து, நறுக்கி, உப்புத் தூவி, அறைக்குள் போனாள்.

"தூங்கிட்டான்" என்றாள் நாத்தனார், உதட்டில் விரலை வைத்து. "இப்பத்தான் கண் அசந்தான். எழுப்பாத."

"ஒரு துண்டு குடுத்துடறேன் அண்ணி."

"இப்பத்தானே வயிறாரச் சாப்பிட்டான். எழுந்ததும் குடு. நிம்மதியாத் தூங்குறான் பாரு."

உண்மையில் நிம்மதியாகத்தான் தூங்கினார். அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள். இதை எப்படிச் சொல்வது? நான் வடித்துக் கொடுத்துவிட்டேன் அண்ணி என்று சொன்னால் நாத்தனார் திட்டமாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்தது. திட்டாமல், வாயில் கையை வைத்துக்கொண்டு தம்பியைப் பார்ப்பாள். அதைத்தான் அவளால் தாங்க முடியாது. எழுந்ததும் கொடுத்துவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை. எழுந்திருங்க, ஒரே ஒரு தடவை எழுந்திருங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். துண்டுகள் தட்டில் தண்ணீர்விட்டுச் சுருங்கத் தொடங்கின.

மகள் வந்தாள். பையைக்கூட இறக்காமல் குனிந்து, "அப்பா" என்றாள். அவர் கண் பாதி திறந்தது. மகளை அடையாளம் தெரிந்த மாதிரி புருவம் ஏறி இறங்கியது. அதற்குமேல் இல்லை. சாயங்காலம் மூச்சு மாறிவிட்டது. இழுத்து, நிறுத்தி, மறந்துபோனவர் ஞாபகம் வந்து இழுப்பது போல மறுபடி இழுத்தார். டீச்சர் மேலே வந்து நாடியைப் பார்த்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார்.

அவள் அவர் காதோடு குனிந்தாள். "அது வெந்ததுங்க. ரெண்டு தண்ணியும் வடிச்சுட்டேன். கை தானாப் பண்ணிடுச்சு. இது பச்சை. இதைக் கொஞ்சம் வாயில வச்சுக்கங்க." யாருக்கும் கேட்காமல்தான் சொன்னாள். ஒரு துண்டை எடுத்து அவர் கீழுதட்டில் தடவினாள். சாறு உதட்டில் நிற்காமல் மோவாய் வழியாக இறங்கியது.

"அம்மா, வேண்டாம்மா. புரையேறிடும்" என்று மகள் அவள் கையை விலக்கி, துண்டால் அவர் மோவாயைத் துடைத்துவிட்டாள்.

விளக்குப் போடுவதற்கு முன்பே போய்விட்டார். இழுத்தவர், அடுத்த மூச்சை இழுக்கவில்லை. எல்லோரும் அதற்காகக் காத்திருந்துவிட்டு, அப்புறம்தான் அழுதார்கள். தக்காளித் தட்டை யாரோ எடுத்துப் போய்க் கழுவி வைத்துவிட்டிருந்தார்கள். ஜன்னலோரத்துப் பாத்திரங்களும் கழுவப்பட்டுக் கவிழ்ந்திருந்தன.

மறுநாள் வந்தவர்கள் எல்லோருக்கும் அந்தத் தக்காளி விஷயம் தெரிந்திருந்தது. நாத்தனார்தான் வாசலிலேயே நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவரோடு பெயிண்ட் அடித்த ஆட்கள், ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ், அந்த வக்கீல்கூட வந்திருந்தார்கள். எல்லோரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியில கேட்டதைக் குடுத்துட்டீங்களே, அது போதும்மா" என்றார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் தலையாட்டினாள். சொல்லிவிடலாமா என்று நர்ஸிடம் மட்டும் ஒரு கணம் தோன்றியது. நர்ஸுக்குப் புரியும், ரெண்டு தண்ணி என்றால் என்னவென்று தெரிந்தவள். ஆனால் நர்ஸ் அதற்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "எங்களுக்கெல்லாம் பை நிறையக் கொண்டுவந்து குடுப்பார். ஒரு நாளாவது அவர் சாப்பிட்டாரேன்னு மனசு ஆறுது" என்றுவிட்டாள்.

எல்லாம் முடிந்து வீடு திரும்பியபோது வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. நாத்தனார் யாரையும் கேட்காமல் மாடியேறிப் போய், பழுத்தது, பாதி பழுத்தது என்று பார்க்காமல் மடி நிறையப் பறித்து வந்தாள். எண்ணெய் காய்ந்தது. வெங்காயம் போட்டுத் தக்காளியை வதக்கி, முட்டைகளை உடைத்து ஊற்றினாள். அந்த வீட்டில் எத்தனையோ வருஷமாக எழாத வாசனை எழுந்து கூடம் முழுக்கப் பரவியது. அழுது களைத்துக் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள்.

அவள் எனக்கு வேண்டாம் என்றாள். மகள் கேட்கவில்லை. ரொட்டியும் அந்த முட்டையுமாக ஒரு தட்டை மடியில் வைத்து, "நேத்திலிருந்து பட்டினிம்மா. நீயும் படுத்துட்டா நான் என்ன பண்றது?" என்றாள்.

நாத்தனார் கரண்டியோடு எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

"உன்கிட்டச் சொல்லவே இல்லையே நான்" என்றாள். "நேத்து அவனுக்கு ஊட்டிட்டு நீ மறுபடி மாடிக்கு ஓடினியே, அப்ப என்கிட்ட ஒண்ணு சொன்னான். அதான் அவன் கடைசியாப் பேசினது."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"'தக்காளின்னா இவ்வளவுதான் அக்கா'ன்னான். 'நான்தான் என்னமோ ஏதோன்னு நினைச்சுக்கிட்டு இத்தனை வருஷம் கிடந்து ஏங்கிட்டேன்'னான். சொல்லிட்டுச் சிரிக்கிறான். போற நேரத்துலயும் அவனுக்குக் கிண்டல் பாரு."

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். "ஆசை அடங்கிடுச்சு, அதான் அப்படித் தோணியிருக்கு" என்றார் டீச்சர். "ஒரு குறையும் இல்லாமப் போயிருக்கார்."

அவள் வாயைத் திறந்தாள். அது வெந்தது அண்ணி, அது தக்காளியே இல்லை என்று சொல்லத்தான் திறந்தாள். அந்த நேரம் பார்த்து நாத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் முழங்காலில் கையை வைத்தாள். அத்தனை வருஷத்தில் அப்படித் தொட்டதே இல்லை.

"உன்னை நான் நிறையப் பேசிட்டேன். நேத்து நீ குடுத்த பாரு, அத்தோட என் மனசுல ஒண்ணும் இல்ல. நீயும் வச்சுக்காத."

அவள் நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனாருக்குப் பின்னால் மகளைப் பார்த்தாள். மகள் இவள் சாப்பிடுவதற்காகக் காத்துக்கொண்டிருந்தாள். திறந்த வாயில் தக்காளி தோய்ந்த ஒரு துண்டு ரொட்டியை வைத்துக்கொண்டாள்.

புளிப்புதான் முதலில் வந்தது. காதுக்குக் கீழே இரண்டு பக்கமும் சுரீரென்று இழுத்து, வாய் முழுக்க நீர் ஊறியது. அதன் பின்னாலேயே இனிப்பு. அவளுக்கும் மறந்துதான் போயிருந்தது. ஒருவேளை இவ்வளவுதானோ என்று ஒரு நொடி அவளும் நம்பப் பார்த்திருந்தாள். இவ்வளவுதான் இல்லை. இது எவ்வளவோ. மென்றுகொண்டே இருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி மோவாயில் நின்றது. யாரும் அதைப் பார்த்து ஒன்றும் நினைக்கவில்லை, அன்றைக்கு அந்த வீட்டில் எல்லோர் கண்ணிலும் தண்ணீர்தான்.

அடுத்த கவளம் எடுத்தாள். அதற்கடுத்தது. நிறுத்த முடியவில்லை. தட்டின் அடியில் தேங்கியிருந்த சிவப்பை ரொட்டியால் வழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்றாள் நாத்தனார்.

அவள் தட்டை நீட்டினாள்.